சுவர் வழியே கேட்ட ஆர்கன்

ஆரோக்கியராஜ் தருமபுரியிலிருந்து வரும் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். எந்த இடத்தில் உயிர் பிரிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பென்னாகரத்தில் கண்டக்டர் பார்த்தபோது ஆள் அசந்து தூங்குவதாகத்தான் நினைத்தாராம். ஏரியூரில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த பையில் மனைவிக்கு ஒரு சோடி செருப்பும், ஆர்கனுக்கு எண்ணெய்ப் புட்டியும் இருந்தன.

அவர் அந்த ஊர் மாதாகோயிலின் உபதேசியார். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீடுகளில் செபம் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஆனால் ஊர் அவரை ஆர்கன்காரர் என்றுதான் சொல்லும். கோயிலில் இருந்த ஆர்கனை எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுச் சாமியார் கப்பலில் வரவழைத்தார். தேக்குப் பீரோ மாதிரி உடம்பு, இரண்டு அடுக்காகக் கட்டைகள், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒலிபெருக்கி ராட்டினம்போலச் சுற்றும். சுற்ற ஆரம்பித்தால் குரல் நடுங்கி நடுங்கிக் கூரைக்கு ஏறும்.

அன்பரசி அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தைச் சமையலறையில்தான் கேட்டாள். கோயில் வளாகத்தில் அவர்களுக்குக் கொடுத்திருந்த வீடு கோயிலை ஒட்டியே இருந்தது; அவள் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரும் ஆர்கன் இருந்த மூலையின் சுவரும் ஒன்றேதான். அங்கன்வாடியில் வேலை பார்த்த அவள், பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு அவர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். டீ கொதித்ததும் அவள் கரண்டிக் காம்பால் சுவரில் தட்டுவாள். அவர் எந்தப் பாட்டின் நடுவில் இருந்தாலும் சரி, இருப்பதிலேயே அடிக் குரலில் ஒரு கட்டையை அழுத்திச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். 'வர்றேன்' என்று அதற்கு அர்த்தம். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் பாடுவாள். அங்கே ஆர்கன் காதில் விழாது, பாட்டுத்தான் விழும். அவர் தனியாக வாசிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தது ஒருநாளும் இல்லை. அவர் கூப்பிடவும் இல்லை, அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அவர் போன பிறகும் வீட்டையும் கோயில் சாவியையும் அன்பரசியிடமே விட்டுவைத்தார்கள்; ஆர்கனைத் தொடத்தான் ஆளில்லை. மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, தண்ணீர் நேராக அதன் தலையில் இறங்கியது. உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த தமிழ்மணி வாத்தியார், கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர், ஆசையாக மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து புதிது வாங்க ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஒரு கண்டிப்பு: சத்தம் பழைய ஆர்கன் மாதிரியே இருக்க வேண்டும்.

தமிழ்மணி அந்தப் பழைய ஆர்கனைக் கேட்டதே இல்லை. அதனால் பங்குச் சாமியார் அன்பரசியைக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போயிட்டு வாம்மா. அந்தச் சத்தம் உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார்.

தருமபுரியில் இசைக்கருவிகள் விற்கும் ஜாவீத் என்பவரின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் கிதாரும் தபேலாவும். ஜாவீத்துக்கு நாற்பது வயதிருக்கும்; கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிற தொழிலில் தொடங்கியவர். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கீபோர்டைத் தட்டி, "இதுல சர்ச் ஆர்கன்னே ஒரு சவுண்டு இருக்குதுங்கக்கா" என்று வாசித்துக் காட்டினார். பெரிய மாதாகோயில் முழுக்க ஊதுகுழல் நிறைந்த மாதிரி ஒரு முழக்கம்.

"இது இல்லீங்க" என்றாள் அன்பரசி.

இரண்டாவதும் இல்லை. கடைசியாக ஜாவீத் உள்ளே போய், சிவப்பும் கறுப்புமாக ஒரு கருவியைத் தூக்கி வந்தார். கட்டைகளுக்கு மேலே ஒன்பது சின்னப் பிடிகள் வரிசையாக நின்றன.

"பழைய கரண்ட் ஆர்கனை அப்படியே காப்பி அடிச்சது இது. இந்தப் பிடியை ஒவ்வொண்ணா இழுத்தா ஒவ்வொரு குரலா சேரும். அடிக்குரல் இது, கீச்சுக்குரல் அது. குழம்புக்கு உப்பு புளி போடற மாதிரி நாமளே கலந்துக்க வேண்டியதுதான்."

தமிழ்மணி வாசிக்க, ஜாவீத் பிடிகளை இழுத்தும் தள்ளியும் பார்த்தார். அன்பரசி கண்ணை மூடிக் கேட்டாள். கிட்டே வந்தது, ஆனால் அது இல்லை.

"ரொம்பச் சுத்தமா இருக்குதுங்க" என்றாள். "அதுல ஒரு இரைச்சல் இருக்கும். ரைஸ் மில்லு தூரத்துல ஓடற மாதிரி."

ஜாவீத்தின் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லுங்க! உள்ளார சக்கரம் சுத்தற இரைச்சல் அது. இதுல அதுக்குன்னே திருகு இருக்குது பாருங்க." திருகினார். வாசிப்புக்கு அடியில் ஒரு முனகல் படர்ந்தது. "கட்டையை அமுக்கறப்ப டிக்குனு ஒரு சத்தம் வருமே? பழசுல அது கோளாறு. இப்ப அதையும் வேணும்னே வெச்சிருக்கான்."

"கோளாறையெல்லாமா சேத்து விக்கறாங்க?"

"கோளாறுக்குத்தாங்கக்கா ஆளு தேடி வர்றாங்க."

சுற்றும் பெட்டியின் வேகம், மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏற அது எடுத்துக்கொள்ளும் நேரம், எத்தனை வருஷம் பழசானது போல் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினாள். எது குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் சலிப்புத் தட்டிவிட்டது தெரிந்ததும் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. "நீங்க பாருங்க, நான் வெளிய நிக்கறேன்" என்று கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளே தமிழ்மணி விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

அன்பரசி திரும்பினாள். கரும்புச் சாறு வண்டியின் சலங்கை, ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் எல்லாம் எங்கோ விலகிப் போய்விட, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரோக்கியராஜ் வாசித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கடுகு தாளிக்கும் வாசனைகூட வந்தது. கடைப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தமிழ்மணி பதறி ஓடி வந்தார். "என்னாச்சுங்கக்கா? மயக்கமா?"

"இதுதாங்க சார்" என்றாள். "கதவைச் சாத்தினா இதேதான்."

ஜாவீத்துக்கு விளங்கவில்லை. சுவர் கதையை அவள் சொன்ன பிறகு, கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கதவுக்கு வெளிய நின்னு கேட்டு வாங்கினது நீங்க ஒருத்தருதான்" என்றார். அந்த அமைப்பைக் கருவியிலேயே பதிந்து, முதல் பொத்தானை அழுத்தினால் வரும்படி செய்து கொடுத்தார்.

புதுக் கருவியைப் பழைய ஆர்கன் நின்ற மூலையிலேயே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் மகிழ்ந்துபோனது. குள்ளம்மாள் என்கிற கிழவி பூசை முடிந்து வெளியே வந்து, "ஆரோக்கியம் திரும்பி வந்துட்டாம்மே" என்று அன்பரசியின் முகத்தைத் தடவினாள். அன்பரசி சிரித்தாள். ஊருக்கு அது ஒரு பேச்சு.

பள்ளிக்கூடம் விட்டதும் தமிழ்மணி வந்து வாசித்துப் பழகுவார். அந்த நேரத்தில் அவள் சமையலறையில் இருப்பாள். முதலில் சில நாள் அவருடைய தடுமாற்றங்கள் நன்றாகவே தெரிந்தன. இவர் வேறு ஆள் என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது. போகப்போகத் தடுமாற்றம் குறைந்தது. அவள் சீக்கிரம் வீடு திரும்ப ஆரம்பித்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து, "இன்னைக்கு அங்கன்வாடியில அந்த மாயவன் பொண்ணு சத்துமாவு உருண்டையை மூக்குல திணிச்சிகிட்டா" என்று சொல்வாள். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் வாய்க்கு வந்தன. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் ஓடுகிறது என்பது தனக்கே தெரிந்தபோது லேசாகப் பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒருநாள் டீ கொதித்து மேலே வந்தது. கை பாட்டுக்குக் கரண்டியைத் திருப்பிப் பிடித்துச் சுவரில் தட்டிவிட்டது.

தட்டிய பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாத்தியார் என்ன நினைப்பார்?

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. இருப்பதிலேயே அடிக் குரலில் ஒரு கட்டை எழுந்து, நின்று, நீண்டு, அடங்கியது.

டீ பொங்கி அடுப்பை அணைத்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் தமிழ்மணியைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாள். "நேத்து நடுவுல பாட்டை நிறுத்திட்டு ஒரே கட்டையைப் புடிச்சிகிட்டு இருந்தீங்களே, அது எதுக்குங்க சார்?"

"நானா? இல்லீங்களேக்கா. முழுப் பாட்டும் வாசிச்சிட்டுத்தானே எந்திரிச்சேன்."

"சுவத்துல தட்டின சத்தம் கேட்டுச்சுங்களா?"

"ஒண்ணும் கேக்கலீங்களே. ஏங்கக்கா?"

"சும்மாதாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதன் பிறகு சுவரில் தட்டவில்லை. கரண்டியைக் கையில் எடுக்கும்போதே கவனமாக இருந்தாள்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மாலை. ஆர்கன் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ராகி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, இருக்கீங்களா? கோயில் சாவி என்னோடது வூட்டுல விட்டுட்டு வந்துட்டேன். உங்க சாவி குடுங்க."

வாசலில் தமிழ்மணி நின்றுகொண்டிருந்தார். சைக்கிளில் வந்த வேர்வை முகத்தில் அப்படியே இருந்தது.

அன்பரசி சல்லடையைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். ஆர்கன் நிற்கவில்லை. தமிழ்மணியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றதைப் பார்த்தபோது, அவருக்கும் கேட்கிறது என்று தெரிந்தது.

"யாருங்கக்கா உள்ளார?" என்றார்.

"பூட்டியிருக்குதுங்க சார். சாவி இந்தா இருக்குது."

இரண்டு பேரும் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பூட்டைத் தொடும் வரைக்கும் சத்தம் இருந்தது. கதவு திறந்ததும் இல்லை. உள்ளே கருவியின் மேல் போர்த்திய துணி போர்த்தியபடியே கிடந்தது. கரண்ட் வயர் பிடுங்கி, சுருட்டி, ஸ்டூலின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அப்படிச் சுருட்டி வைப்பது தமிழ்மணியின் வழக்கம்தான்.

அவர் அன்றைக்கு வாசிக்கவில்லை. சாமியாரிடம் போய், கருவியில் ஏதோ கோளாறு, கடைக்காரரை வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு அன்பரசியிடம் வந்து, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மொதல் பட்டன் சவுண்டை அழிச்சிடலாம். எனக்கு அதுல கை வெக்கவே முடியாது இனிமே" என்றார். பாவம், கல்யாணமாகாத ஆள். தனியாக வாடகை வீட்டில் இருக்கிறவர்.

பென்னாகரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் இறக்கிவிட்டு ஜாவீத் அந்த வழியாக வந்தார். கருவியைக் கவிழ்த்தார், திறந்தார், ஒயர்களை இழுத்துப் பார்த்தார். "சில நேரம் ரேடியோ அலை ஏதாவது புகுந்துக்கும். ஆனா அதுக்குக் கரண்ட் வேணுமே" என்று தலையைச் சொறிந்தார். தமிழ்மணி நடந்ததை முழுதாகச் சொன்னதும் ஜாவீத் சிரிக்கவில்லை. உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டார். பிறகு, "இந்த ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கிப் புடிச்சா, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆயிடும். நாம செஞ்சது எதுவும் இருக்காது. அமுக்கட்டுமாங்கக்கா?" என்று அன்பரசியைப் பார்த்தார்.

அவருடைய விரல்கள் பொத்தான்களின் மேலேயே இருந்தன. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள். "எனக்கு ஒருக்கா இங்க உக்காந்து கேக்கணும்."

தமிழ்மணி மனமில்லாமல் உட்கார்ந்து, முதல் பொத்தானை அழுத்தி, ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். அன்பரசி பக்கத்துப் பெஞ்சில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

அது அவளுக்குத் தெரிந்த சத்தமே இல்லை. முரட்டுத்தனமாக இருந்தது. ஒவ்வொரு கட்டையும் பல்லைக் கடிப்பதுபோல் டிக் டிக் என்றது. இரைச்சல் வயிற்றில் அதிர்ந்தது. மேல்குரல்கள் ஊசியாகக் குத்தின. சுவர் அதையெல்லாம் வடிகட்டி, மெத்தென்று ஆக்கித்தான் இத்தனை வருஷமும் அவளிடம் அனுப்பியிருக்கிறது.

"இது அதேதானுங்களா?"

"அதேதாங்கக்கா. எதையும் மாத்தலை."

"அவரு இதையா கேட்டுகிட்டு இருந்தாரு?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். ஒரே வீட்டில், ஒரே மாலையில், அவர் கேட்டது ஒன்று, தான் கேட்டது வேறொன்று. அந்த எண்ணம், பூட்டிய கோயிலுக்குள் ஆர்கன் ஒலித்ததைவிட அவளை அதிகமாகக் கலக்கியது.

"அழிக்க வேணாங்க" என்றாள் எழுந்து. "சாருக்கு வேற பட்டன்ல அவருக்குப் புடிச்ச மாதிரி செஞ்சு குடுங்க. மொதல் பட்டனை யாரும் தொட வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். தமிழ்மணிக்காக ஜாவீத் இரைச்சலையும் டிக்கையும் குறைத்து, இளகிய குரலாக ஒன்றை இரண்டாம் பொத்தானில் பதிந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் முணுமுணுத்தது. "இது ஆரோக்கியம் இல்ல" என்று குள்ளம்மாள் சத்தமாகவே சொன்னாள். தமிழ்மணி தலை நிமிராமல் வாசித்தார். பள்ளி முடிந்து தனியாகப் பழகுவதை மட்டும் விட்டுவிட்டார். பாடகர் குழு கூடும்போதுதான் வந்தார்.

காலாண்டு விடுமுறைக்கு அவர் மாரண்டஹள்ளிக்கு, அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். சாமியார் மறைமாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அங்கன்வாடியும் விடுமுறை. அன்பரசி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்கன் தொடங்கியது.

கொஞ்ச நேரம் நறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சாவியோடு மழையில் இறங்கினாள். பூட்டின் மேல் கை வைத்ததும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. கதவைத் தள்ளினாள். அப்போதும் நிற்கவில்லை.

உள்ளே மழை வெளிச்சம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. துணி போர்த்தியபடியே இருந்தது. ஸ்டூல் காலி. அந்த மூலையிலிருந்து அந்த முரட்டுச் சத்தம், டிக்கும் இரைச்சலுமாக, வந்துகொண்டேயிருந்தது. ஓடிவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க" என்றாள்.

பாட்டு போய்க்கொண்டிருந்தது. காது பழகப் பழக, அதற்கடியில் இன்னொன்று கேட்டது. யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. வார்த்தை பாதி, முனகல் பாதி, சுருதியும் சேரவில்லை. ஆரோக்கியராஜ் வாசிக்கும்போது பாடுவார் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு மோசமாகப் பாடுவார் என்பதும் தெரியாது. பூசையில் ஒருநாளும் அவர் வாய் திறந்து பாடியதில்லை. வெட்கப்பட்டிருப்பார். சுவர் அந்தக் குரலை ஒருமுறைகூடத் தன் பக்கம் விட்டதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

எந்தப் பாட்டையும் அவர் முடித்து அவள் கேட்டதில்லை. டீ ஆறிவிடுமே என்று பாதியிலேயே கூப்பிட்டுவிடுவாள். இந்தப் பாட்டு கடைசி வரி வரைக்கும் போயிற்று. கடைசிக் குரல் நடுங்கி, சுற்றுவது மெதுவாகி, ஓய்ந்தது. பிறகு ஓட்டின் மேல் மழை மட்டும் இருந்தது.

அவள் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் நேராக நகர்த்தி வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தாள்.

விடுமுறை முடிந்து வந்த தமிழ்மணியிடம் மட்டும் சொன்னாள். அவர் கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பயமா இல்லீங்களாக்கா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க சார்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அவரோட அவ்வளவு நேரம் நான் உக்காந்ததே இல்லீங்க."

தமிழ்மணி மறுபடி மாலை நேரத்தில் பழக வர ஆரம்பித்தார், இரண்டாம் பொத்தானில். சன்னல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பார். அன்பரசி சுவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். மாயவன் மகளின் குறும்பையெல்லாம் இப்போது அவரிடம் நேரிலேயே சொல்கிறாள், அவரும் கேட்டுச் சிரிக்கிறார்.

ஆள் இல்லாத சில மதியங்களில் அந்தப் பழைய சத்தமும் கேட்கத்தான் செய்கிறது. தோன்றினால் எழுந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவாள். கையில் மாவாக இருந்தால் போவதில்லை.